நீலமூடிக் குடுவை

எனக்கு மாத்தே பிடிக்காது. மொந்தெவிடேயோவில் பிறந்து முப்பத்தொரு வருடம் ஆகியும் அந்த இலைக் கஷாயத்தின் கசப்பு எனக்குப் பழகவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. எல்லோரும் கைமாற்றிக் குடிக்கிற சுரைக்குடுக்கை என் கைக்கு வரும்போது குழலில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு "நன்றி" என்பேன். நன்றி சொன்னவரிடம் அடுத்த சுற்றில் குடுக்கை வராது. ஆய்வகத்தில் பல நாட்கள் நான் பேசிய ஒரே சொல் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

நேரில் பேச எனக்கு வராது என்பதால் எழுதித் தர அனுமதித்தீர்கள். நீங்கள் கேட்டது ஒரே ஒரு தேதி. எங்கள் செல்களில் தொற்று எந்த நாளில் தொடங்கியது என்பது. தேதியை மட்டும் எழுதினால் உங்களுக்குப் பயன்படாது. உங்கள் விசாரணைக் குழுவில் இருவர் சட்டம் படித்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

நாங்கள் ஆராய்வது எலியின் செல்களில் உள்ள ஒரு மரபணுவை. செல்லைப் பிரியச் சொல்வது அதன் வேலை. தேவைப்படும்போது திறந்து, மற்ற நேரம் மூடியிருந்தால் நல்லது. மூடாமலே போனால் புற்று. மரபணுவிலிருந்து செல் பிரதி எடுப்பதைப் படியெடுத்தல் என்கிறோம். எப்போது எடுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டளை மரபணுவுக்கு முன்னால் நீளமாகக் கிடக்கிற பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, அதன் பின்னால் மின்மினிப் பூச்சியின் ஒளி மரபணுவை ஒட்டிச் செல்லுக்குள் விடுவோம். படியெடுத்தல் கூடினால் ஒளி கூடும். கருவி அதை எண்ணாகக் காட்டும். பிறகு அந்தப் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவோம். எந்த இடத்தை வெட்டியதும் ஒளி விழுகிறதோ, கட்டளை அங்கே இருக்கிறது.

என் முனைவர் பட்ட ஆய்வில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். டி.என்.ஏ.வில் முப்பது எழுத்துகள். செல்களுக்கு ஊட்டத்தைக் குறைத்ததும் ஒளி ஆறு மடங்கு ஏறியது. அந்த முப்பதை வெட்டிவிட்டால் ஏறவில்லை. மூன்று வருட வேலை. கட்டுரை வெளியானதும் எங்கள் ஆய்வகத் தலைவர் ஓராசியோ பெர்தோமோ அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தன் அறைக் கதவில் ஒட்டினார். வருகிறவர்களிடம் "இதுதான் இனெஸோட முப்பது" என்பார். அந்தக் கதவு வழியாக நான் போகும்போது வேகமாகப் போவேன். ஆனால் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை போவேன்.

ரொமினா வந்தது அதற்கடுத்த ஆகஸ்டில். என் முப்பது எழுத்துகளின் மேல் எந்தப் புரதம் வந்து உட்காருகிறது என்று கண்டுபிடிப்பது அவளுடைய ஆய்வு. செல் வளர்ப்பில் அவளுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி ஓராசியோ என்னிடம் விட்டார்.

ரொமினா பேசுவாள். பேசாத நேரம் பாடுவாள். அவள் ஒரு முர்காவில் இருந்தாள். பிப்ரவரி கார்னிவலில் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு மேடையில் கூட்டமாகப் பாடுகிற கோஷ்டி. அக்டோபரிலேயே ஒத்திகை தொடங்கிவிடும். அவள் குரல் தாழ்ந்த குரல், கொஞ்சம் கரகரப்பு. நடைவழியின் அந்தக் கோடியிலிருந்து கேட்கும். அவள் சாப்பாட்டு அறைக்குள் வந்தால் எல்லோரும் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போடுவார்கள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கண்ணாடிச் சாமான்களையும் திரவங்களையும் பார்த்துக்கொள்கிற வில்மாருக்கு அவளோடு மல்லுக்கு நிற்பது பொழுதுபோக்கு. ஒரு நாள் நான் பிப்பெட் முனைகள் தீர்ந்துவிட்டன என்று சொன்னேன்.

"இனெஸ் இன்னிக்கு முழுசா ஒரு வாக்கியம் பேசிட்டா," என்றார் வில்மார். "மழை வரப்போகுது. மாடில துணி காயப்போட்டவங்க ஓடுங்க."

"நீங்க மூச்சு விடவாவது நிறுத்தினாத்தானே அவ நடுவுல பேச முடியும், வில்மார்?"

"நான் நிறுத்தினா நீ பாட ஆரம்பிச்சிடுவியேம்மா. அந்தப் பயத்துலதான் பேசிட்டே இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ரொமினாவின் வேலை சரியாக வரவில்லை. தொட்டியில் திரவ நைட்ரஜனுக்குள் உறைந்திருந்த குப்பிகளில் மிகப் பழையதை எடுத்து வளர்த்திருந்தாள். முதலில் உறையவைத்தவை குறைவாகப் பிரிந்தவை, அப்படி வயது குறைந்த செல்கள்தான் நல்லவை என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஊட்டத்தைக் குறைத்தாள். ஒளி ஏறவில்லை. திரும்பச் செய்தாள். ஐந்து மாதம் செய்தாள். ஒன்று, ஒன்று புள்ளி ஒன்று, சில நாட்கள் ஒன்றுக்கும் கீழே. ஏப்ரலில் அவள் உதவித்தொகை புதுப்பிக்கப்பட வேண்டும்.

ஓராசியோ குரலை உயர்த்துகிறவர் இல்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சாதாரணமாகத்தான் சொன்னார். "அதே செல்லு. அதே மரபணு. அதே மேசை. இனெஸுக்கு வந்தது உனக்கு வரல. மாறினது கை ஒண்ணுதான், ரொமினா. கையைப் பாரு."

அவள் நிஜமாகவே குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது அந்த நேரத்தில்தான். நான் அவள் கைகளைப் பல மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். அவற்றில் தவறு இல்லை.

இதையும் சொல்லிவிட வேண்டும். வடிகட்டிய காற்று ஓடுகிற, கண்ணாடி மறைப்பு வைத்த மேசைக்கு ஹூட் என்று பெயர். அதில் குடுவையைத் திறந்துவைத்துக்கொண்டு பேசக்கூடாது. வாயிலிருந்து தெறிப்பது கண்ணுக்குத் தெரியாது. ரொமினா ஹூட்டில் உட்கார்ந்து பாடினாள் என்று உங்கள் அறிக்கையின் வரைவு சொல்கிறது. உண்மைதான். ஆனால் மூடி திறந்திருக்கும்போது அவள் பாடியதில்லை. மூடியில் கை வைத்ததும் வரி பாதியில் நிற்கும். வேலையை முடித்து, மூடியைத் திருகி, விட்ட சொல்லிலிருந்து மறுபடி எடுப்பாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பல நாள் பார்த்திருக்கிறேன். ஒரு முறைகூடத் தவறியதில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. எல்லோரும் கார்னிவலில் இருந்தார்கள். என் செல்களையும் அவள் செல்களையும் ஒரே சாயத்தில் நனைத்து நுண்ணோக்கியில் வைத்தேன். அந்தச் சாயம் டி.என்.ஏ.வில் மட்டும் ஒட்டி நீலமாக ஒளிரும். செல்லின் கரு பெரிய நீல வட்டமாகத் தெரியும். அதைச் சுற்றி இருட்டாக இருக்க வேண்டும். ரொமினாவின் செல்களில் இருட்டாக இருந்தது, துடைத்துவைத்த இருட்டு. என்னுடையவற்றில் கருவைச் சுற்றி மாவு தூவினதுபோல் நீலப் புள்ளிகள்.

மைக்கோபிளாஸ்மா. பாக்டீரியாக்களிலேயே மிகச் சிறியது. செல்லைக் கொல்லாது. திரவம் கலங்காது. சாதாரண மருந்துக்குச் சாகாது. செல்லோடு குடியிருந்து அதன் உணவில் பங்கு எடுத்துக்கொள்ளும். மாதாமாதம் எல்லோருடைய செல்களையும் இதற்காகச் சோதிப்பது என் பொறுப்பு. என்னுடையதை மட்டும் நான் சோதித்ததில்லை. தேவை இருப்பதாகத் தோன்றவில்லை.

மனித வாயில் வாழ்கிற வகை அது. ஆர்ஜினின் என்ற சத்தைத் தின்னும். ஞாயிற்றுக்கிழமை என் செல்களுக்கு ஆர்ஜினினைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தேன். ஆறு மடங்கு ஒன்றாகிவிட்டது. என் முப்பது எழுத்துகள் பசிக்குப் பதில் சொல்லவில்லை. தொற்றுக்குப் பதில் சொல்லியிருந்தன. மூன்று வருடமாக நான் அளந்தது ஒரு நோயின் வெளிச்சம்.

அன்று மாலை கடற்கரைச் சாலையில் வெகுதூரம் நடந்தேன். பதற்றம் இல்லை. விஷயத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் கதவிலிருந்து படம் இறங்கும். ஓராசியோவின் பெயர் கெடும். ஆய்வகத்தின் நிதி நிற்கும். வில்மாருக்கு ஓய்வுபெற நான்கு வருடம்தான் இருந்தது. சொல்லாவிட்டால் ரொமினா ஏப்ரலில் போய்விடுவாள், அதுவும் தன் கை கெட்ட கை என்று நினைத்துக்கொண்டு. யாருக்கும் கெடுதல் இல்லாத வழி ஒன்றுதான் இருந்தது. அவளுக்கும் ஒளி ஏற வேண்டும்.

மார்ச் பதினான்கு, காலை ஏழு மணி. என் குடுவையிலிருந்து இரண்டு சொட்டு எடுத்து அவள் குடுவையில் விட்டேன். அவளுடையவை சிவப்பு மூடி, என்னுடையவை நீலமூடி. குழப்பம் ஏற்பட வாய்ப்பில்லை.

பதினாறு நாள் கழித்து அவள் கருவியிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஆறு புள்ளி ஒண்ணு. பாருடி. ஆறு புள்ளி ஒண்ணு." என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். என்னை அப்படி யாரும் பிடித்ததில்லை. கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. "நான் முட்டாள் இல்ல இனெஸ். என் கைக்கு ஒண்ணுமில்ல."

"ஒன்றுமில்லை," என்றேன். அது உண்மை.

மறுநாள் எல்லோருக்கும் பலகாரக் கடையிலிருந்து ஒரு பெரிய பொட்டலம் பிஸ்கோச்சோ வாங்கி வந்தாள். இனிப்பு வைத்தவற்றை எனக்கென்று தனியாக எடுத்துவைத்திருந்தாள். அவள் உதவித்தொகை புதுப்பிக்கப்பட்டது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ரொமினா சுத்தமாக வேலை செய்கிறவள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தொட்டியிலிருந்து புதுக் குப்பி எடுப்பாள். பழைய செல்லைக் காய்ச்சிக் கொட்டிவிடுவாள். தன் திரவத்தைத் தவிர எதையும் தொடமாட்டாள். வேறு யாருடைய கையிலாவது அந்தத் தொற்று தானாகவே பரவியிருக்கும். அவள் கையில் பரவவில்லை. ஒவ்வொரு முறையும் நான் போட வேண்டியிருந்தது. ஒன்றரை வருடத்தில் ஒன்பது முறை. மாதச் சோதனைக்கு அவள் பெயரில் வேறு சுத்தமான மாதிரியை வைத்தேன்.

பிறகு சாவோ பாவ்லோவிலிருந்து ஓர் ஆய்வகம் எங்கள் செல்களைக் கேட்டது. ரொமினா தன்னுடையதில் ஒரு குப்பி அனுப்பினாள். அக்டோபரில் கடிதம் வந்தது. உங்கள் செல்களில் மைக்கோபிளாஸ்மா இருக்கிறது, மனித வாயிலிருந்து வந்த வகை.

அதற்குப் பிறகு ஆய்வகத்தில் நடந்ததை நீங்கள் ஓரளவு பார்த்தீர்கள். புட்டிகளில் ஆளுக்கொரு நிற நாடா ஒட்டினார்கள். ஃப்ரிட்ஜ் தட்டுகளுக்குப் பூட்டு வந்தது. யாராவது செல்களை வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்தால் இன்னொருவர் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வருவார். மாத்தே சுற்று நின்றுபோனது. ஒரே குழலில் வாய் வைக்க யாருக்கும் மனம் இல்லை. ஒவ்வொருவரும் சொந்த ஃப்ளாஸ்க்கும் சொந்தக் குடுக்கையுமாகத் தனித்தனி மூலையில் உட்கார்ந்து குடித்தார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. நன்றி சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஓராசியோ எல்லோருடைய தொண்டையிலிருந்தும் பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுக்கச் சொன்னார். வில்மார்தான் குச்சிகளோடு வந்தார். என் முறை வந்தபோது பெட்டியை மூடினார்.

"இவளுக்கு எதுக்கு?" என்றார் ஓராசியோவிடம். "இவ வாயைத் திறந்து நான் பாத்ததே இல்ல. உள்ள பல்லு இருக்கானே சந்தேகம்."

அந்த நாட்களில் ஆய்வகம் சிரித்தது அந்த ஒரு முறைதான். ஓராசியோவும் சிரித்தார். என்னிடம் மாதிரி எடுக்கவில்லை.

மற்ற ஏழு பேரில் ஐந்து பேருக்கு அது இருந்தது. ஆரோக்கியமானவர்கள் வாயிலும் சாதாரணமாக இருப்பதுதான். ஓராசியோவுக்கும் இருந்தது, வில்மாருக்கும் இருந்தது. ஆனால் ஓராசியோ ஹூட்டில் உட்கார்ந்து பத்து வருடம் ஆகிறது. வில்மார் செல் அறைக்குள் வருவதில்லை. ஐந்து பேரில் ஹூட்டில் பாடுகிறவள் ஒருத்திதான்.

என் பட்ட ஆய்வின் செல்களையும் சோதித்துவிடலாம் என்று ரொமினாதான் கேட்டாள். நியாயமான கேள்வி. தொட்டியின் சாவி என்னிடம் இருந்தது. மிகப் பழைய சுத்தக் குப்பி ஒன்றில் என் ஆய்வின் தேதியை ஒட்டிக் கொடுத்தேன். முடிவு சுத்தம் என்று வந்தது. அப்படியானால் இனெஸின் முப்பது உண்மை, ரொமினாவின் எண்கள்தான் முதலிலிருந்து கடைசிவரை நம்ப முடியாதவை என்று ஓராசியோ எழுதினார். அவர் அப்படி நம்ப ஆசைப்பட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. நான் எதுவும் சொல்லாமல் இருப்பது யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை.

டிசம்பரில் அவள் உதவித்தொகை நின்றது. கடைசி நாளன்று தன் அலமாரியைக் காலி செய்துவிட்டு செல் அறைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து முகக்கவசம் போட்டிருந்தாள், வெறும் நடைவழியில்.

"உங்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு வந்தேன்."

நான் குடுவையை மூடிவைத்தேன்.

"உன் வேலை மேலதானே நான் ஏறி நின்னேன். அதையும் சேத்து அசிங்கப்படுத்திட்டேன். மூடி தெறந்திருக்கறப்ப பாடினதா எனக்கு ஞாபகமே இல்லடி. ராத்திரி பகலா யோசிச்சுப் பாக்கறேன். ஆனா பாடியிருப்பேன் போல. நான்தான் எப்பவும் பாடிட்டே கெடப்பேனே. எனக்கே தெரியாம பாடியிருப்பேன்."

"பரவாயில்லை," என்றேன்.

அவள் அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. முதுகில் கை வைத்தேன். இந்த முறை கையை எங்கே வைப்பதென்று தெரிந்திருந்தது.

இந்த வருடம் கார்னிவலில் அவள் கோஷ்டி அவளில்லாமல் பாடியது. நான் போய்ப் பார்த்தேன். தாழ்ந்த குரல்களின் வரிசையில் ஓர் இடைவெளி விட்டு நின்றிருந்தார்கள். ரொமினா இப்போது ஊனியோன் பகுதியில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். அங்கேயும் ஒரு தடவை போனேன். தலைவலி மாத்திரை கேட்டேன். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. விலையைக் கணக்குப் பொறியில் தட்டி என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நான்தான் பேச வேண்டியிருந்தது.

"பாடறியா?"

தலையை ஆட்டினாள். "வேணாம்னு விட்டுட்டேன்," என்றாள். குரல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. குனிந்து கேட்க வேண்டியிருந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் ஆள் இல்லை. இருந்தும் நாங்கள் அதற்குமேல் பேசவில்லை. எங்கள் இருவரில் நான் அதிகம் பேசியது அன்று ஒரு நாள்தான்.

இனி நீங்கள் கேட்ட தேதி. ரொமினாவின் செல்களுக்கு மார்ச் பதினான்கு. என் செல்களுக்கு, அதற்கு நான்கு வருடம் முந்தைய ஜூலை ஒன்பது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நான் பேசத் தொடங்கிய நாள் அது.

அன்று என் பிறந்தநாள். ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது, நான் சொன்னதில்லை. காலை ஏழு மணிக்கு செல் அறையில் நான் மட்டும் இருந்தேன். குடுவையைத் திறந்து பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதியதை ஊற்றும்போது, "இன்றைக்கு எனக்குப் பிறந்தநாள்" என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். என் குரல் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் கேட்டேன். மோசமாக இல்லை. அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் உணவு மாற்றும்போது பேசினேன். அம்மாவைப் பற்றி, வீட்டு உரிமையாளரைப் பற்றி, பிடிக்காத மாத்தேயைப் பற்றி. ரொமினா வந்தபிறகு பெரும்பாலும் ரொமினாவைப் பற்றி. மூடி திறந்திருக்கும்போதுதான் பேசினேன். மூடிய குடுவையிடம் பேசுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

ஆகவே உங்கள் அறிக்கையின் நான்காம் பக்கத்தில் "ஆய்வாளர் ஒருவரின் வாயிலிருந்து" என்று இருப்பது சரி. பெயரை மட்டும் மாற்ற வேண்டும். வாய் என்னுடையது. சொட்டு விட்ட கை என்னுடையது. குப்பியில் தேதி மாற்றியதும் நான்தான். மூன்றையும் தெரிந்தே செய்தேன், ஜூலை ஒன்பதைத் தவிர.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். வரும் திங்கட்கிழமை செல் அறையில் உள்ள எல்லாக் குடுவைகளையும் ப்ளீச் ஊற்றி அழிக்க உத்தரவிட்டிருக்கிறீர்கள். இன்குபேட்டரின் கீழ்த்தட்டில், வலது மூலையில், நீலமூடி போட்ட ஒரு குடுவை இருக்கிறது. ஜூலை ஒன்பதன்று நான் பேசிய செல்களின் வழிவந்தவை. ஆறு வருடமாக ஒரு வேளைகூடத் தவறாமல் உணவு கொடுத்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் பிறகு அது வெறும் குடுவை இல்லை, ஆதாரம். ஆதாரத்தை அழிக்கமாட்டீர்கள் என்று சட்டம் படித்தவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள்.

என்னை இனி உள்ளே விடமாட்டீர்கள், தெரியும். செவ்வாயும் வெள்ளியும் யாராவது உணவு மாற்ற வேண்டும். ரொமினாவைக் கேட்டுப் பாருங்கள். நல்ல கை, நான் பழக்கிய கை. அந்தச் செல்களுக்கு அவளைப் பற்றி எல்லாம் தெரியும். மூடி திறந்திருக்கும்போது பாடினாலும் பரவாயில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.